கல்யாண வீட்டுக்கு வந்த தந்தி

எதிர்வீட்டு அண்ணாச்சி தம் பீடிக்கடை மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு வந்தபோது, எங்கள் வாசலில் கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். துக்கம் சொல்ல வருகிறவர் கோலம் அது. அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அக்கா அழத் தொடங்கிவிட்டாள். யார் செத்தது என்று தெரியாமலே அழுகை. தொண்ணூறுகளில்கூட எங்கள் ஊர் முக்கூடலில் தந்தி என்றால் சாவுதான், வேறு பொருள் கிடையாது.

நடந்தது அத்தானின் தங்கை கல்யாணம். தந்திக்காரர் வந்த அன்று காலைதான் பந்தக்கால் நட்டிருந்தோம். அண்ணாச்சி அவரைத் தெருவிலேயே மறித்து, முகூர்த்தமும் மறுவீடும் முடியட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்தால் தம் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாராம். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தால் குடி கெட்ட கதைகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு.

நான்தான் பிரித்தேன். யாரும் சாகவில்லை. அத்தான் சென்னையில் ராணுவ மருத்துவக் குழு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று இருந்தது. குறித்திருந்த நாள், முகூர்த்த நாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சியை ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

அத்தான் பட்டாளத்துக்காரர். எல்லையில் குண்டு வெடித்ததில் இரண்டு காதும் போய் வீட்டுக்கு வந்தவர். எதிரே நின்று பைய பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதலில் பரிசோதித்த குழு, இது வேலையால் வந்த ஊனம் இல்லை, முன்பே இருந்த கோளாறு என்று எழுதிவிட்டது. மேல்முறையீடு செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டு நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. ஒன்றுக்கும் பதில் இல்லை; கடைசியில் வந்ததுதான் இந்தத் தந்தி. ஊரிலோ வேறு பேச்சு. பென்ஷனுக்காகச் செவிட்டு வேஷம் கட்டுகிறான் என்றார்கள். இதே அண்ணாச்சி ஒருநாள் கடையில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டுச் சோதித்தவர்தான். அத்தான் திரும்பவில்லை. அப்படியும் ஊர் நம்பவில்லை. பணத்தைவிட அதுதான் அவரை அரித்தது. அரசாங்கம் ஒப்புக்கொண்டால் ஊர் வாயை மூடும் என்று காத்திருந்தார்.

மறுநாள் காலை நானும் அத்தானும் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். கூடவே அண்ணாச்சியும் வந்தார், கூப்பிடாமலே. நெடுநேரம் எண்ணை அழுத்தி அழுத்திச் சென்னை அலுவலகத்துக்கு லைன் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் விவரம் சொல்ல, மறுமுனையில் இருந்தவர் ஒரே பிடியாக நின்றார். விண்ணப்பித்தவர் பேசினால்தான் பதில் சொல்வாராம். அவருக்குக் காது கேட்காது, விண்ணப்பமே அதற்குத்தான் என்றேன். அது விதி, அவரிடம் கொடுங்கள் என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஏட்டி, என்ன சொல்லுதான்?” என்றார் அத்தான். சொன்னேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். பட்டாள எண், பதவி, பேர் எல்லாம் இந்தியில் கணீரென்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் இந்தி தீர்ந்துபோய்த் தமிழ் வந்துவிட்டது. அப்போதுதான் பில் மெஷின் கரகரவென்று தாளைத் தள்ளியது. எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தானுக்கு அது தெரியாது.

“எனக்குப் பக்கத்துல ஒரு பய இருந்தான் சார். சின்னப் பய. குண்டு விழுந்த பொறவு என்னயப் பாத்து அவன் வாய் அசையுது. என்ன சொல்லுதான்னு எனக்குக் கேக்கல. தண்ணி கேட்டானோ, அவங்க அம்மயக் கூப்பிட்டானோ, இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் நடிக்கேன்னு எழுதிட்டீங்க. காது கேட்டிருந்தா அந்தத் தண்ணியக் குடுத்திருக்க மாட்டேனா?”

அக்காவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார். போன் செய்யக் காத்திருந்தவர்கள் கதவருகில் அப்படியே நின்றார்கள். அத்தான் தோளைத் தொட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பின்னால் வேறு நாள் கொடுத்தார்கள். நெடுநாள் இழுத்தடித்து, வேலையால் வந்த ஊனம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று நான் எந்த அலுவலகத்தை அழைத்தாலும் ஓர் இனிய குரல், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுகிறது. அந்தப் பாட்டை அத்தானால் கேட்டிருக்கவும் முடியாது.

அன்று அவர் பேசி முடித்து, ரிசீவரைப் பத்திரமாக இரு கையாலும் வைத்தார். முகம் வியர்த்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்து, “கேட்டாங்களா?” என்றார்.

அண்ணாச்சி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு தெரியும்படி முகத்துக்கு நேரே நின்று, பைய சொன்னார்.

“நாங்க கேட்டோம் தம்பி.”