சவளக்கடை வயலோரத்தில் ஒரு ஹேவர்ட்

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கம் வருகிறவர்கள் கடலுக்காக வருவார்கள், சாப்பாட்டுக்காக வருவார்கள். கடந்த ஜூன் மாதம் நான் போனது ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளைக்குச் சம்மதம் கேட்க.

இங்கிலாந்தில் தாதியாக இருக்கும் என் தங்கையின் மகள், ஆடம் ஹேவர்ட் என்ற இளைஞரை விரும்பினாள். அவர் இஸ்லாத்துக்கு வந்து இரண்டு வருடம். ஆடம் என்பது ஆதம் நபியின் பெயர்தான் என்பதால், அதை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. தங்கையின் கணவர் மௌத்தாகிவிட்டதால், நிக்காஹ்வில் பெண்ணின் பொறுப்பாளராக மாப்பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டியவர் அவருடைய நானா, அதாவது அண்ணன், மீராலெவ்வை மச்சான். அவரோ, "குடி கோத்திரம் தெரியாத ஆளுக்கு நான் கைகுடுக்க மாட்டன்" என்று போனை வைத்துவிட்டார். வேறு வழி தேடலாம்தான். ஆனால் பெரியவாப்பா இல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மருமகள் சொன்ன பிறகு நான் என்ன செய்ய?

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்களில் குடி தாய்வழியாக வரும், ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. அதனால் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே "என்ன குடி?" என்பதுதான். கொழும்புக்கு வந்து எவ்வளவோ காலமாகியும், என் குடி எது என்று யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன்.

கொழும்பிலிருந்து ஏசி பஸ், ஆளுக்கு 2,800 ரூபாய். இரவு எட்டரைக்கு ஏறினால் சுபஹுத் தொழுகை நேரத்துக்குக் கல்முனை. லீவில் வந்திருந்த ஆடமையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். பஸ் புறப்பட்டதும், ஹேவர்ட் என்றால் என்ன என்று கேட்டேன். இதற்காகவே காத்திருந்தவர் போல ஆடம் ஆரம்பித்தார்.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பல, தொழிலிலிருந்து வந்தவை. கொல்லன் ஸ்மித், மா அரைப்பவர் மில்லர். ஹேவர்ட் என்றால் வேலி காப்பவர். பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே ஊர் முழுவதற்கும் பொதுவான வயல்வெளி இருந்தது. பயிருக்குள் மாடு புகாமல் பார்ப்பதும், புகுந்த மாட்டைப் பிடித்து அடைப்பதும், சொந்தக்காரன் தண்டம் கட்டினால் அவிழ்த்து விடுவதும் அவர் வேலை. ஊதுவதற்குக் கையில் ஒரு கொம்பும் இருக்கும். பிறகு பொதுவயல்கள் தனியார் வேலிகளுக்குள் போக, வேலையும் போய்விட்டது. பெயர் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி, பஸ் ஓட்டும் ஆடமின் தகப்பன் வரை வந்திருக்கிறது.

எனக்குத் தூக்கம் போயிற்று. மீராலெவ்வை மச்சான் சவளக்கடையில் வட்டவிதானை. எங்கள் பேச்சில் வட்டானை. ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுவதும் மாடு காப்பதும் அவர்தான், விவசாயிகளே கூடித் தெரிவு செய்வார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்முனையில் இறங்கி இடியப்பமும் மீன் சொதியும் சாப்பிட்டோம், இருவருக்கும் 640 ரூபாய். சவளக்கடைக்கு ஆட்டோ 1,000 ரூபாய், எட்டுக் கிலோமீற்றர் இருக்கும். இருபுறமும் தண்ணீர் நிற்கும் கிட்டங்கித் தாம்போதியில் சாரதி கேட்டார்: "வெள்ளக்காரர் கடல்ல அலை விளையாட அறுகம்பைக்குத்தானே போற, இஞ்சால என்ன?"

"பொண்ணு கேட்டுப் போறம்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆட்டோ தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தது.

மச்சான் சலாம் சொன்னார், தேத்தண்ணி தந்தார், முகம் மட்டும் தரவில்லை. நான் என் துருப்பை இறக்கினேன். "மச்சான், இவரும் வட்டானைப் பரம்பரைதான். பேரே அதுதான்."

"பேர்ல என்ன கிடக்கு? எங்கட வட்டையில ஒரு சுல்தான் இரிக்கான். கூலிக்கு வரம்பு வெட்டுறான்" என்றார் மச்சான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாள் என்பதால் அவர் வயலுக்குக் கிளம்ப, நாங்களும் பின்னால் போனோம். ஆடம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் நடந்தார். மருமகளிடம் பழகிய தமிழில் கேட்டார்: "உங்கட வயல் எது?"

மச்சான் கடைசியைக் காட்டினார். வாய்க்கால் முடிகிற இடத்தில், காட்டு வேலியை ஒட்டி, மற்ற வயல்களைவிட மெலிந்து நின்றது பயிர். ஊருக்கே தண்ணீர் பங்கிடுகிறவருக்கு இந்த வயலா என்று எனக்கு வாய்வரை வந்தது.

ஆடம் முந்திக்கொண்டார். "எங்கட ஹேவர்ட்டுக்கும் வேலியோரத்திலதான் காணி குடுத்த. மாடு வந்தா முதல்ல அவர்ட பயிரத்தான் தின்னும். அப்ப அவர் தூங்க மாட்டார்."

மச்சான் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "அங்கயும் அப்படியா?"

"ஓம். எல்லா ஊர்லயும் இல்ல. கன ஊர்ல."

"இந்த வயல நானேதான் கேட்டு எடுத்த. தண்ணி இஞ்ச வந்து சேந்தா எல்லாருக்கும் போய்ட்டெண்டு அர்த்தம். ஊட்டுல இண்டைக்கும் ஏச்சுத்தான், மகன்." அதுவரை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சற்று நேரம் கழித்து, "பொறக்கிற புள்ளைக்கும் இந்தப் பேர்தானா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் ஆடம்.

"குடி?"

ஆடம் என்னைப் பார்த்தார். "குடி தாய்ட குடி. எங்கட குடி" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தகப்பன் பக்கத்தால் வேலி காத்த பெயர், தாய் பக்கத்தால் எங்கள் குடி. எந்தப் பிள்ளைக்கு இப்படிக் கிடைக்கும்?

"அப்ப சரி. நான் கைகுடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு மச்சான் வரம்பின் வக்கடையை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குள் விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிறுபோக நெல்லின் பச்சையைப் பார்க்க ஜூன் நல்லது. மழைக் காலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் பாயும், விசாரிக்காமல் ஆட்டோ ஏறாதீர்கள். "என்ன குடி?" என்று கேட்டால் கோபிக்காதீர்கள். சொல்லக் குடி இல்லாவிட்டால், உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்துகொண்டு போங்கள்.

நிக்காஹ்வை ஜூலையில் கொழும்பில் வைக்கத்தான் நினைத்திருந்தோம். ஆடமின் தாய் தகப்பன் லீவும் எடுத்திருந்தார்கள். "வெள்ளாம வெட்டி முடியட்டும். பயிர் நிக்கக்குள்ள வட்டைய உட்டுட்டு எப்படி வாற?" என்றார் மச்சான், அன்று வயலில் வைத்தே. நான் வாதாட வாயெடுப்பதற்குள் ஆடம் வரம்பில் நின்றபடியே தாய்க்குப் போன் எடுத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது:

"கல்யாணம் அறுவடைக்குப் பிறகுதான், அம்மா. இங்கே ஹேவர்ட் இன்னும் வேலையில் இருக்கிறார்."