அம்மா ‘நைன்’ சொன்ன நாள்

அம்மன் வாசலில் என்னோடு நின்று கும்பிடும் உறவுகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பள்ளிக்கூடம் முழுவதும் ஜேர்மன் மொழியில்தான். தமிழ் என்பது சனிக்கிழமை வகுப்பில் தூங்கித் தூங்கிப் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாய் எனக்குச் செய்ததை எனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்க மனம் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். தெரிந்தவர்கள் எல்லோரும் தொலைபேசியில் என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா தான் வேலை செய்யும் உணவகத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நானோ முதல் அரையாண்டு வகுப்பு நேரசூசியைக் கையில் வைத்துக்கொண்டு டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, ரயிலைத் தவறவிட்டுவிட்டேனாக்கும் என்று நினைத்து, அடுத்தது இருபது நிமிடத்தில் வரும் என்று ஆறுதல் சொன்னார்.

என்ன பிரச்சினை என்று சொல்கிறேன். அந்த வருடம் கோடையில் அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மதியத்துக்குப் பிறகு நாலரை மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். டயலிசிஸ். அம்மா ஜேர்மனிக்கு வந்து பதினாறு வருடம். ஆனாலும் அவருடைய ஜேர்மன் கடையோடும் பேருந்தோடும் நின்றுவிட்டது. மீதிக்கு நான் இருந்தேன். ஏழு வயதிலிருந்து வைத்தியரிடமும் நகரசபையிலும் அம்மாவின் வாய் நான்தான். அப்பாவுக்கு மதியத்திலிருந்து சமையலறையில் தலை நிமிர்த்த நேரம் இருக்காது. வேறு பிள்ளையும் இல்லை.

கூடப் போகாமல் விட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை விட்டுப் பார்த்தோம். ஓகஸ்ட் மாதம், நான் அரை மணி நேரம் வெளியே போய்விட்டேன். தாதி வந்து, எல்லாம் சுகமா, தலை சுற்றவில்லையே என்று கேட்டிருக்கிறார். அம்மா சிரித்தபடி “யா, யா, குட்” என்றிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அம்மா இருந்த கதிரையைச் சரித்து, கால்களை உயர்த்தி, நாலு பேர் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். இரத்த அழுத்தம் விழுந்து நினைவு போயிருந்தது. நல்ல காலம், பிழைத்துக்கொண்டார். தலை சுற்றுகிறது என்று ஏன் சொல்லவில்லை என்று பிறகு கோபத்தோடு கேட்டேன்.

“அந்தப் பிள்ளையள் எவ்வளவு வேலையோட ஓடித் திரியுதுகள். நான் வேற கரைச்சல் குடுக்கிறதே?” என்றார் அம்மா.

சாகும் நேரத்திலும் ஆருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நினைக்கும் மனிசியை எப்படித் தனியே விடுவது?

முதல் வருடத்தைத் திட்டமிட யூலியா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி உதவினாள். புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்று மாணவர் சங்கம் அவளை விட்டிருந்தது. இருவரும் பென்சிலும் அழிறப்பருமாக உட்கார்ந்தோம். இரசாயனவியலைக் காலையில் வைத்தோம். பௌதிகத்தை வியாழனுக்குத் தள்ளினோம். உயிரியல், லத்தீன் சொற்கள் எல்லாம் எப்படியோ இடம் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டன. உடற்கூற்று வகுப்பு மட்டும் அசைய மறுத்தது. இறந்த பின் தம் உடலைப் படிப்புக்கென்று தந்தவர்களை அறுத்துப் படிக்கும் வகுப்பு அது. குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படி குழு பிரித்திருந்தார்கள். எங்கள் குடும்பப் பெயர் என்று இந்த நாட்டில் எழுதியிருப்பது என் தாத்தாவின் பெயர். அந்த மனுசன் பெயர் ‘எஸ்’ஸில் தொடங்கியதால் எனக்குத் திங்களும் புதனும், மதியம் இரண்டு மணி. இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டால் வகுப்பு போச்சு.

அதைத் தள்ளிப்போட்டால் என்ன என்று யூலியாவிடம் கேட்டேன். அதைத் தொட்டு நிற்கும் பாடங்களெல்லாம் தள்ளிப்போகும், ஒரு வருடம் போய்விடும் என்றாள். அடுத்த வருடம் மட்டும் அம்மா குணமாகிவிடுவாரா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். இந்த வருடம் விட்டால் படிப்பையே விட்டது மாதிரித்தான் என்று அந்த மேசையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

டயலிசிஸ் நிலையத்தில் கெஞ்சினேன். செவ்வாய், வியாழன், சனி கதிரைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அங்கே ஒரு இடம் காலியாவது எப்படி என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில், செவ்வாய்-வியாழன் குழுவிலிருந்து யாராவது மாறுவீர்களா என்று எழுதி ஒட்டினேன். கத்ரின் என்ற பெண் சம்மதித்தாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இரண்டு நாள் கழித்து, தன் சிநேகிதி அந்தக் குழுவில் இருக்கிறாள், மன்னித்துக்கொள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அன்று அவளைத் திட்டாத திட்டில்லை.

அது நவராத்திரிக் காலம். வீட்டில் சாமித்தட்டுக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு நேர்த்தி வைத்தேன். “தாயே, என்னைச் செவ்வாய்-வியாழன் குழுவுக்கு மாற்றிவிடு. திருவிழாவுக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறேன்.” அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேர்த்தியை நிறைவேறும் வரை வாயில் எடுக்கக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லித் தந்திருக்கிறீர்கள். வகுப்புப் பிரச்சினையும் அம்மாவுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

விஜயதசமியும் போனது. குழு மாறவில்லை. எனக்கு அம்மனோடு கோபம் வந்துவிட்டது. கோயிலுக்குப் போவோம் என்று அப்பா கூப்பிட்டபோது தலையிடி என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வரம் கொடுக்கிறாய், என் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கத்தானே கேட்டேன், அது பெரிய ஆசையா என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடித்தேன். அந்த நாட்களில் நான் பிரார்த்திக்கவில்லை, முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் உடற்கூற்று வகுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. திங்கள் காலை போய் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வழக்கம்போல அம்மாவோடு நிலையத்துக்குப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் துருக்கிப் பெண்மணி ஒருவர் இருப்பார். பெயர் எமினே. அறுபது வயதுக்கு மேல். அவருடைய ஜேர்மன் அம்மாவுடையதைவிடக் கொஞ்சம் மோசம், ஆனால் குரல் பத்து மடங்கு பெரிது. நான் நடைபாதையில் புத்தகத்தோடு உட்காரும் நேரங்களில் இருவரும் ஏதோ கதைத்துச் சிரிப்பார்கள். எந்த மொழியில் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அன்று மூன்றாம் மணி நேரம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். தாதி வந்து என்னைப் பார்த்து, அம்மா எப்படி என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான், கேள்வி எனக்கு, பார்வையும் எனக்கு. நான் வாயைத் திறந்தேன்.

“நைன்” என்றது அம்மாவின் குரல்.

இல்லை என்பதற்கு ஜேர்மன் சொல். அம்மா அதை ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. தாதி அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா தலையைத் தொட்டுக்காட்டி, தலை சுற்றுகிறது என்பதை நீட்டி முழக்கி ஜேர்மனில் சொன்னார். பிறகு காலைக் காட்டி, இழுக்கிறது என்றார். தாதி உடனே அழுத்தத்தைப் பார்த்தார். விழத் தொடங்கியிருந்தது. இயந்திரத்தைத் திருத்தி, கதிரையைச் சரித்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகத்தில் இரத்தம் திரும்பியது. நல்ல வேளை சொன்னீர்கள் என்று தாதி அம்மாவின் கையைத் தட்டிவிட்டுப் போனார். பக்கத்துக் கதிரையிலிருந்து எமினே, தன் பிள்ளை சோதனையில் பாஸானது போல ஊசி இல்லாத கையைத் தொடையில் தட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை நீ இஞ்ச வராதை. நீ போனில கதைச்சது முழுக்க எனக்குக் கேட்டது. வகுப்புக்குப் போ பிள்ளை. எனக்கு நைன் சொல்லத் தெரியும்.”

நான் அந்தக் கதிரையின் கைப்பிடியில் தலையை வைத்து அழுதேன். சந்தோசமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. அன்று மாலை கோயிலில் அம்மன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இருந்தும் பார்த்தேன்.

திங்கள் மதியம் இரண்டு மணிக்கு வெள்ளை அங்கியோடு அந்த அறைக்குள் போனேன். எங்கள் மேசையில் ஒரு வயதான பெண்ணின் உடல். அந்த நேரம் அங்கே அம்மாவுக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். தாயே, அங்கேயும் நில், இங்கேயும் நில் என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு கத்தியை எடுத்தேன். இரவு வீட்டுக்கு வந்தால் அம்மா எனக்கு முன்னமே வந்து, புட்டு அவித்து வைத்திருந்தார். பிணத்தைத் தொட்ட கையால் விளக்கேற்றலாமா, துடக்கு, தீட்டு இல்லையா என்று தயங்கிக் கேட்டேன். அம்மா ஏதாவது விரதம், தலை முழுகித் தோயல் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“நீ படிக்கட்டும் எண்டு தன்ரை உடம்பையே தந்தவ. அவவில என்ன துடக்கு? குளிச்சுப்போட்டு விளக்கைக் கொளுத்து. அவவையும் நினைச்சுக் கும்பிடு” என்றார்.

அந்த வருடம் முழுவதும் நான் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. இடையில் அம்மாவுக்கு இரண்டு தரம் ஆபத்து வந்தது. இரண்டு தரமும் அம்மாவே சொன்னார், அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடை, திருவிழா. நான் வெறுங்கையோடு கோயிலுக்கு வந்தேன். நான் கேட்டது குழு மாற்றம். அது நடக்கவில்லை. ஆகவே நேர்த்தியும் இல்லை என்று கணக்குத் தீர்த்திருந்தேன். பார்த்தால், பாற்செம்பு எடுக்கிறவர்களின் வரிசையில் மஞ்சள் சேலையோடு அம்மா நிற்கிறார். இடது கையில்தான் இரத்தம் எடுக்கும் நரம்பு. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. ஓடிப்போய், என்னம்மா இது, என்ன நேர்த்தி என்று கேட்டேன்.

நிறைவேறிவிட்டதால் இனிச் சொல்லலாம் என்றார். “போன நவராத்திரியில வைச்சனான். என்ரை பிள்ளை எனக்காகப் படிப்பை விடக்கூடாது தாயே, எனக்கு ஒரு வாயைத் தா எண்டு கேட்டனான்.”

ஒரே சாமித்தட்டு, ஒரே விளக்கு. காலையில் நான் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் என்னை வை என்று கேட்டிருக்கிறேன். நான் போன பிறகு அம்மா வந்து, என் பக்கத்திலிருந்து அவளை அனுப்பிவிடு என்று கேட்டிருக்கிறார். அம்மன் யாருடையதைக் கேட்பாள்? தாய் அல்லவா அவள். தாய் சொன்னதைத்தான் கேட்டாள்.

செம்பை நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா வலது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். வெயிலில் ரோட்டுத் தார் காலைச் சுட்டது. நேர்த்தி அம்மாவுடையது, பலன் என்னுடையது. வீதி சுற்றி முடியும் வரை என் கண்ணீரைத் துடைக்க எனக்குக் கை காலியாக இல்லை.

இது நடந்து நாலு வருடமாகிவிட்டது. நான் இப்போது படிப்பின் கடைசி வருடத்தில் வார்ட்டில் நிற்கிறேன். அம்மா இன்னும் வாரம் மூன்று நாள் அந்தக் கதிரைக்குப் போகிறார், புதிதாக வருகிறவர்களுக்கு எமினேயோடு சேர்ந்து தைரியம் சொல்கிறார். நோய் மாறவில்லை. அதற்காகவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

உறவுகளே, கேட்டது கிடைக்கவில்லை என்று நீங்களும் என்னைப் போல அம்மனோடு கோபித்துப் படுத்திருக்கலாம். எழுந்து ஒருமுறை வாசலுக்கு வாருங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் அதே விளக்கடியில் நின்று உங்களுக்காக அழுதுவிட்டுப் போயிருக்கலாம். தாய் முதலில் அவருக்கு ஓம், ஆகட்டும் என்று சொல்லியிருப்பாள்.