சீட்டில் தூவிய இடியாப்ப மாவு

மகளுக்கு மாப்பிள்ளை முடிவான அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் சஹனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தரையில் பாய் விரித்து, நான்கு பேர் சம்மணம் போட்டு, நடுவில் வைக்கும் ஒரே பெரிய தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். நிக்காஹ் முடிந்ததும் முதல் சஹனில் இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். எனக்கோ தரையில் உட்காரவே முடியாது.

இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ட்ரெய்லர் ஓட்டியவன் நான். இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான் ஊர் திரும்பி, வலங்கைமானில் சின்னதாக ஒரு இரும்புச் சாமான் கடை போட்டேன். வந்து பார்த்தால் உட்காருவதுதான் எனக்கு முடியாத காரியமாகிவிட்டது. தரையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் இடுப்பிலிருந்து குதிகால்வரை சுண்டி இழுக்கும். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களில் நான்தான் வயதில் சின்னவன்.

சம்பந்தி வேதாரண்யத்தில் உப்பு வியாபாரம் செய்கிறவர். எப்படியோ விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் ஃபோன் செய்தார்.

“சம்பந்தி, நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம். உங்களுக்கு டேபிள் போட்டுடலாம். நானும் உங்களோட டேபிள்லயே உக்காந்துக்கிறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் சமாதானம் சொல்ல வந்தாள். “இப்பல்லாம் எல்லாரும் டேபிள்தான் அத்தா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“நான் நினைப்பேன்ல” என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். என் தங்கைகள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் நான் இல்லை. ஒரு தடவை லீவு கிடைக்கவில்லை, இன்னொரு தடவை டிக்கெட் கிடைக்கவில்லை. இரண்டு நிக்காஹையும் ஃபோனில்தான் கேட்டேன். எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு கல்யாணம். இதிலும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு மனசில்லை.

கும்பகோணத்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன்லாம் வேணாம் பாய். தினம் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிங்க. ஆனா நிமிந்து உக்காந்து மிதிங்க” என்றார். அப்போது ஆவணி மாதம். கல்யாணம் அறுவடைக்குப் பிறகு, மாசியில். ஆறு மாதம் கையில் இருந்தது.

பழைய கறுப்பு சைக்கிள் ஒன்று கிடைத்தது. அதன் ரெக்ஸின் சீட் கிழிந்து கிடந்ததால் கும்பகோணத்திலிருந்து புதுத் தோல் சீட் வாங்கி மாட்டினேன். அடியில் ஸ்பிரிங்கெல்லாம் பளபளவென்று, பார்க்க ராஜா சிம்மாசனம். உட்கார்ந்தால் அம்மிக்கல். முதல் நாள் வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் போய், திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட்டேன். அது நழுவிச் சக்கரத்தில் சுற்றியது. அதற்கடுத்த நாள் ஸ்பேனரை எடுத்துச் சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தேன். உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போனது, பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. மேலே தூக்கினேன். அந்த வேதனையை எழுத முடியாது. ஒரு மாதம் இப்படியே போனது. இடுப்பு வலியோடு மணிக்கட்டு வலியும் சேர்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் நர்ஸம்மாவைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். என் கடைக்கு எதிரே துணை சுகாதார நிலையம். அங்கே வேலை செய்யும் கிராம நர்ஸ் அவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அம்மா இதே சுற்றுவட்டாரத்தில் நடவு நட்டவர். அதே வயல்களின் வரப்பில்தான் மகள் தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு நான்கு ஊர் சுற்றி வந்தார். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை. மழைக்காலத்துக் களிமண்ணில் ஸ்கூட்டி சறுக்கும், வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்ட தென்னைமரத்தின் மேல் அதைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அவர் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கரை போனதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன்.

ஆனால் என்னை அசத்தியது அவர் உட்கார்ந்திருந்த விதம்தான். எதிர்க்காற்று அடித்தாலும் சரி, லாரி ஒட்டி உரசிக்கொண்டு போனாலும் சரி, முதுகு ஆடாது, தோள் ஏறாது. கால்கள் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். காலை எட்டரைக்குப் போகும்போது எப்படியோ அப்படித்தான் சாயங்காலம் திரும்பும்போதும் இருப்பார். லட்ச ரூபாய் ஏர் சஸ்பென்ஷன் சீட்டில் உட்கார்ந்து பாலைவனத்தைக் கடந்தவன் நான். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

அவருடையதும் தோல் சீட்தான். நிலையத்து வாசலில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போன ஒரு மத்தியானம், ரோட்டைக் கடந்துபோய்க் குனிந்து பார்த்தேன். நன்றாகப் பழுத்த பேரீச்சம்பழ நிறம். பின்பக்க அகலத்தில், இடமும் வலமும் ஒரே அளவில் இரண்டு குழிகள். தொட்டுப் பார்க்கலாமா என்று விரலை நீட்டிய நேரம், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி பின்னால் நின்றாள்.

“அடுத்த வீட்டுப் பொம்பளை உக்கார்ற சீட்ட அப்படி என்ன பாக்குறீங்க?”

தாடி வைத்த ஐம்பத்தொரு வயதுக்காரன் அதற்கு என்ன பதில் சொல்வது? உள்ளதைச் சொன்னேன். உட்காரும் விதத்தை அவரிடம் கேட்கத்தான் ஆசை, ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? போன வாரம் ஒரு நட்டு வாங்க அவரே கடைக்கு வந்தார். “நர்ஸம்மா, வந்து…” என்று ஆரம்பித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, கடைசியில் அவருக்குத் தேவையில்லாத ஒரு ஸ்பேனரையும் சேர்த்து விற்றுவிட்டேன். இதைக் கேட்டு மனைவி சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நேரே நிலையத்துக்குள் போனாள்.

திரும்பி வந்து சொன்னாள். நர்ஸம்மாவுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். ஸ்பான்ஜ் சீட் மழையில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காரும்போதெல்லாம் துப்புகிறதே என்றுதான் தோல் சீட்டுக்கு மாறினாராம். முதல் வருஷம் அவருக்கும் உயிர் போயிருக்கிறது. பிறகு வேர்வை பட்டுச் சீட்டில் விழுந்த அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து, உட்கார வேண்டிய இடத்தை அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

“சதையில உக்காரக் கூடாதாம், எலும்புல உக்காரணுமாம். உக்கார்ற எலும்பு ரெண்டு இருக்காம். ரெண்டும் சீட்டோட பின்பக்க அகலத்துல சமமா விழணுமாம். சீட்டுல கோலமாவு தூவிட்டு உக்காந்து பாக்கச் சொன்னாங்க. அது பொய் சொல்லாதாம்.”

எங்கள் வீட்டில் ஏது கோலமாவு? மனைவி இடியாப்ப மாவு டப்பாவை எடுத்தாள். கொல்லையில் சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டின் மேல் மெல்லிசாகச் சலித்தாள்.

“மெதுவா உக்காருங்க. எந்திரிக்கிறப்ப நேரா மேல எந்திரிங்க, இழுக்காதீங்க.”

பத்து எண்ணும்வரை உட்கார்ந்தேன். பெடலில் நின்று எழுந்து இறங்கினேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். இடது பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மாவு நசுங்கித் தோல் தெரிந்தது. வலது பக்கம் மாவு கலையவே இல்லை, கைலி உரசிய ஒரு கோடு மட்டும் இருந்தது.

“வலது பக்கம் நீங்க உக்காரவே இல்லையே” என்றாள். என் வலது இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “பர்ஸு” என்றாள்.

ட்ரெய்லர் ஓட்டிய காலம் முழுக்க என் வலது பின்பாக்கெட்டில் ஒரு பர்ஸ் இருந்தது. அதில் பணம் கொஞ்சம்தான். குடியிருப்பு அட்டை, லைசென்ஸ், தீர்ந்துபோன ஃபோன் கார்டுகள், அப்புறம் படங்கள். ஒவ்வொரு லீவுக்கும் ஊர் வந்து போகும்போது மனைவியையும் மகளையும் புதிதாகப் பாஸ்போர்ட் சைஸில் படமெடுத்துக் கொண்டுபோவேன், பழையதை எடுத்துப்போட மனசு வராது. ஒரு வயது மகள், மூன்று வயது மகள், பல் விழுந்த மகள், தாவணி போட்ட மகள் என்று பர்ஸ் செங்கல் கனத்துக்கு வீங்கியிருந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஊர் வந்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. என் வலது இடுப்பு மட்டும் இன்னும் அதன் மேல் இருப்பதாகவே நினைத்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

மனைவி கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மாவுப் பரீட்சை நடந்தது. சீட்டைத் தரைக்குச் சமமாக வைத்தோம். கொஞ்சம் உயர்த்தினோம். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால்தான் அதுவரை தாழ்ந்து கிடந்தது. நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வயிற்றை மடக்காமல், இடுப்பிலிருந்து முன்னால் சாயப் பழகினேன். வலது எலும்பை ‘இறங்கு, இறங்கு’ என்று மனசுக்குள் கெஞ்சினேன். இடியாப்ப மாவு காலியாகிறது என்று மகள் சத்தம் போட்டாள். ஒருநாள் பின்பக்கம் தட்டாமல் கடைக்குப் போய்விட்டேன். “என்ன பாய், ரைஸ் மில்லுல உக்காந்துட்டு வர்றீங்களா?” என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது வாரம் வலது பக்கம் ஒரு பட்டாணி அளவுக்கு மாவு நசுங்கியது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

ஐப்பசி மழை வந்தது. நர்ஸம்மா செய்வதைப் பார்த்து நானும் சீட்டுக்குப் பாலிதீன் பை மாட்டினேன். நடவு முடிந்து பச்சை கட்டிய சம்பா வயல்களுக்கு நடுவே, சில காலைகளில் அவர் எதிரே வருவார். நின்று பேசியதில்லை. போகிற போக்கில், “பாய், தோள இறக்குங்க!” என்பார். நான் இறக்குவேன். பத்து நாள் கழித்து, “இப்ப சரி!” என்று ஒரு குரல். எனக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. தை பிறந்து கதிர் சாய்ந்தபோது என் சீட்டிலும் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. கூர்ந்து பார்த்தால் இடது கொஞ்சம் ஆழம்தான். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

கல்யாணத்தன்று மஹாலில் பாய் விரித்தார்கள். முதல் சஹன் வந்தது. எனக்குப் பின்னால் யாரோ கேட்காமலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு மெல்ல இறங்கினேன். இடது எலும்பு பாயைத் தொட்டது. கொஞ்சம் பொறுத்தேன். வலதும் தொட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. எதிரே சம்பந்தி, பக்கத்தில் மாப்பிள்ளை, அவருடைய மாமா. நெய்ச்சோற்றில் கைவைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தால்ச்சாக் குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெண்கள் பக்கத்தில் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். பட்டுப்புடவையில் வந்திருந்த நர்ஸம்மா, “நான் அந்த டேபிள்லயே சாப்பிட்டுக்கிறேன் அக்கா” என்று ஒதுங்கினாராம். “எங்க வீட்டுக்காரருக்கு உக்காரக் கத்துக்குடுத்துட்டு நீங்க தனியாவா?” என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் சஹனில் உட்கார வைத்தாளாம். சம்பந்தியம்மாவும் அதே தட்டில்தான்.

இங்கே சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்தோம். நானும் ஒரு கையை ஊன்றி எழுந்துவிட்டேன். சம்பந்தி மட்டும் எழவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார்.

“கை குடுங்க சம்பந்தி. எனக்கு ரெண்டு முட்டியும் போயி நாலு வருஷமாச்சு. உங்களச் சாக்கு வச்சு டேபிள்ல உக்காந்துரலாம்னுதான் அன்னைக்கு ஃபோன் பண்ணேன். நீங்க என்னடான்னா சின்னப் பிள்ளையாட்டம் கீழ உக்காந்துட்டீங்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

ஆறு மாதமாக நான் யார் மேல் கோபப்பட்டேனோ அவர் எனக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். நல்ல கனம். என் இடுப்பு முனகக்கூட இல்லை.

“என்ன மருந்து சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

அவரை வாசலுக்கு அழைத்துப் போனேன். நர்ஸம்மா புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, நெய்ச்சோற்றுத் தூக்கைக் கேரியரில் வைத்து ஸ்டாண்டைத் தட்டினார். ஏறி உட்கார்ந்தார். முதுகு ஆடாமல், தோள் ஏறாமல் ரோட்டில் போனார். சம்பந்தி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார், நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அங்க அப்படி என்னத்தப் பாக்குறீங்க?” என்று எங்களுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

சம்பந்தி திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

“ஊருக்குப் போறப்ப ஒரு கிலோ இடியாப்ப மாவு தர்றேன்” என்றேன்.