எல்வியோவின் எண்ணெய்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறைக்கு எல்வியோதான் காவலர். பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. எதிர்ச்சுவரில், ரோமானியர்களுக்கும் முன்னால் இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் வண்ணம் தீட்டிய சுடுமண் பலகை ஒன்று: சிவப்பு உடுத்திய பெண், கையில் மாதுளை. அவளைப் பார்க்காமல் யாராவது நடந்து போனால் இவருக்கு ஆகாது.

"அவங்களுக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று டிக்கெட் கொடுக்கும் என்னிடம் வந்து கத்துவார்.

சென்ற வசந்தத்தில் அந்த நிறங்களைப் பரிசோதிக்க ஒர்னெல்லா என்ற வேதியியல்காரி வந்தாள். கடுகளவு சுரண்டி எடுத்து, எங்கள் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டு ஆராய்ந்தாள். சிவப்பு செம்மண், வெள்ளை களிமண்; எதிர்பார்த்ததுதான். ஆனால் கூடவே ஆலிவ் எண்ணெயும் இருந்தது. எட்ருஸ்கர்கள் சாயத்தை எண்ணெயில் குழைத்தார்கள் என்று முதன்முதலில் சொல்லப்போவது இவள்தானாம். அதை அறிவிக்க மேயர் ஒரு கூட்டத்துக்கு நாளே குறித்துவிட்டார்.

கேள்விப்பட்ட அன்று எல்வியோ மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. திங்கட்கிழமை விடுமுறைகளில் தன் தோட்டத்து எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அந்தப் பெண்ணைத் துடைத்து வந்தவர் அவர்தான். நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான். எனக்கும் தெரியும்; வாயைத் திறந்ததில்லை. காட்சிப்பொருளைத் தொட்டால் வேலை போய்விடும். அவர் ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தது.

"சும்மா இருங்கண்ணா. பென்ஷன் வரட்டும், அப்புறம் ஊருக்கே சொல்லுங்க" என்றேன்.

"அதுக்குள்ள புத்தகத்துல ஏறிடும்" என்று நேரே ஒர்னெல்லாவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டரம்மா, அந்த எண்ணெய் என்னோடது."

அவள் பேனாவை மூடினாள். "எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு."

"பேசாம இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த ஓவியக்காரன் எண்ணெயே தொடாம, ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் நிக்கிற மாதிரி தீட்டிட்டுப் போயிருக்கான். அவன் பேரைத் தூக்கி என் எண்ணெய்க்குக் குடுக்கறீங்களே!"

ஒர்னெல்லாவின் கண் கலங்கியது. ஆறு மாத உழைப்பு. எனக்கு எல்வியோ மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

கூட்டம் ரத்தானது. அறிக்கையில் அவள் ஒரே வரி எழுதினாள்: 'மேற்பரப்பில் அண்மைக்கால எண்ணெய், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.' எல்வியோவின் வேலை தப்பியது.

நன்றி சொல்வார் என்று பார்த்தால், மனிதருக்கு முகம் கடுகடுத்துவிட்டது.

"தெரியலையா? நான் வாயால சொன்னேனே!"

ஓய்வு பெற்ற மறுநாள் என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒர்னெல்லாவின் மேசைமேல் ஐந்து லிட்டர் டின்னை வைத்தார். டின் மேல் அவர் பெயர், தோட்டம், தொலைபேசி எண் எல்லாம் கொட்டை எழுத்தில்.

"இப்ப எழுதுங்க."

ஒர்னெல்லா அறிக்கையைத் திறந்து அந்த வரியை அழித்தாள். எல்வியோ பக்கத்தில் நின்று தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.