பட்டில் ஒட்டாத பானம்

அண்ணனின் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்பது கொஞ்ச காலம் எங்கள் தெருவில் பொது விஷயமாக இருந்தது. காலையில் அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தால், பட்டறை வாசலில் நின்று அப்பா கத்துவார்.

"இன்னாடா, தெளிஞ்சிச்சா?"

"இல்ல நைனா. மஞ்சளாத்தான் கீது."

"அப்ப இன்னொண்ணு குடி."

எதற்கு இந்தக் கூத்து என்று சொல்லிவிடுகிறேன். ஆரணியை ஒட்டி, சேவூரில் எங்கள் வீடு. பின்னால் அப்பாவின் சாயப்பட்டறை. நெசவுக்காரர்கள் கொடுக்கும் வெள்ளைப் பட்டு நூலுக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று கேட்ட நிறத்தை ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். அண்ணனுக்கு அந்தத் தொழில் அறவே ஆகாது. போலீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று கல்லூரி முடித்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான். ஒருமுறை எழுத்துத் தேர்வில் போனது. ஒருமுறை எழுத்தில் தேறி ஓட்டத்தில் போனது. இந்த முறையும் எழுத்தில் தேறிவிட்டான், ஓட்டம் பாக்கி. இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதன்பிறகு காக்கிச் சட்டையைக் கடையில் வாங்கித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா இதை அவருக்கே உரிய பாசத்தோடு சொல்வார். "ஓடிட்டன்னா நானே உனக்கு சல்யூட் அடிக்கிறேன். ஓடலன்னா மறுநாள் காலைல பானை முன்னாடி வந்து நில்லு. நூல் மாட்டின கொம்ப புடிச்சி சாயத்துல திருப்ப எனக்கும் ஆள் வேணும்."

பட்டறையில் கூலிக்கு வேலை செய்யும் நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார், பட்டறைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டே அவர் பங்குக்கு ஆரம்பிப்பார். "போலீஸ்கார், நம்மூட்டு கோழிய எவனோ தூக்கினு பூட்டான். வந்து ஒரு கேஸ் போடு." தெருவில் யாரும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது. போலீஸ்கார் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை கிடைக்காத ஒருவனை அந்த வேலையின் பெயர் சொல்லியே கூப்பிடுவதைவிடச் சுலபமான கொடுமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அப்போது தினமும் வேலூருக்குப் பஸ்ஸில் போய் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கையில் எது கிடைத்தாலும் பின்பக்கம் திருப்பி, என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கிற கிறுக்கு எனக்கு. பிஸ்கட், ஷாம்பு, கொசுவத்திப் பெட்டி, எதையும் விடமாட்டேன். அண்ணன் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையிலிருந்து சிவப்பு நிற எனர்ஜி டிரிங்க் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தபோது, அவன் குடிப்பதற்கு முன்பே நான் அதைப் பிடுங்கிப் படித்துவிட்டேன்.

"டாரின் இருக்குண்ணா. மொதமொதல்ல இத எருதோட பித்தத்துல இருந்துதான் கண்டுபுடிச்சாங்க. பேரே எருதுல இருந்து வந்ததுதான்."

அண்ணன் முகம் மலர்ந்தது. "எருதோட சத்தா? அதான் குடிச்ச உடனே கும்முனு தூக்குது!"

உள்ளேயிருந்து அம்மா பாய்ந்து வந்தாள். "புரட்டாசி சனிக்கெழம அதுவுமா ஊட்டுக்குள்ள எருது பித்தத்த கொண்டாந்து குடிச்சிகினு கீறியா?"

இப்போது அதை ஆலையில்தான் செய்கிறார்கள், எருதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பச்சைப் புள்ளியைக் காட்டிச் சமாதானம் செய்தேன். அம்மா அதை நம்பினாள். ஆனால் அண்ணனின் நாக்கைப் பார்த்துவிட்டாள். குங்குமம் அப்பியதுபோல் இருந்தது. நேராகப் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். "உம் புள்ள நாக்குக்கும் சாயம் போட ஆரம்பிச்சிட்டியா?"

சாயம் என்ற சொல் காதில் விழுந்தால் அப்பா சும்மா இருக்கமாட்டார். அவர் வாழ்நாளில் நம்பிய ஒரே அறிவு அதுதான். கடையிலிருந்து சிவப்பு பாட்டில், பொன்னிறப் பாட்டில், விலை கூடிய ஒல்லியான தகர டப்பா என்று மூன்று வகையும் வாங்கிவரச் சொன்னார். மூன்று குண்டானில் ஊற்றிச் சூடேற்றினார். பசையெடுத்த வெள்ளைப் பட்டு நூலில் மூன்று துண்டு நறுக்கி ஒவ்வொன்றிலும் முக்கினார்.

சிவப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. தண்ணீரில் எத்தனை முறை அலசியும் துளி நிறம் இறங்கவில்லை. பட்டறைக்காரர் வாயைப் பிளந்தார். "முதலாளி, இனிமே கலர்ப் பொடி வாங்காதீங்க. இதயே நாலு கேஸ் எறக்கிடலாம். முகூர்த்தப் பொடவைக்கு சொல்லி வச்ச மாதிரி கீது."

பொன்னிறமும் பிடித்தது. தகர டப்பாவில் இருந்தது வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது, ஆனால் அதில் முக்கியெடுத்த நூல் ஒரே அலசலில் வெள்ளையாகிவிட்டது.

அப்பா அந்த நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாத்தியா? ஒட்டல. இதுல கலப்படம் கெடையாது. குடிக்கணும்னா இத குடி."

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. பட்டு ஒரு புரதம், பானத்தில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, புளிப்புத் தண்ணீரில் அந்தச் சாயம் புரதத்தைக் கவ்விக்கொள்ளும், நீங்கள் ஆசிட் ஊற்றிச் சாயம் ஏற்றுவதும் இதே கணக்குதான் என்று படபடவென்று சொன்னேன். ஆனால் நூலில் ஒட்டாததெல்லாம் நல்லது என்று ஆகாது. காஃபினுக்கு நிறமே இல்லை. பட்டுக்கு அது தெரியவே தெரியாது. மூன்றிலும் இந்த டப்பாவில்தான் அது அதிகம், எழுதியே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"காபி மாதிரிதான? நாம குடிக்காத காபியா?" என்றார் அப்பா.

"இது எத்தன காபி தெரியுமா நைனா? ஒடம்புல களைப்பு வந்தா மூளைக்குப் போய்ச் சொல்ல ஒரு பொருள் இருக்கு. காஃபின் அது உக்கார்ற நாற்காலில முன்னாடியே போய் உக்காந்துக்கும். களைப்பு எங்கயும் போவாது. வெளிய நின்னுகினேதான் இருக்கும்."

"நீ நாற்காலிய தூக்கினு காலேஜுக்கு கெளம்பு. பஸ்ஸு பூடும்."

அண்ணன் சிரித்தான். அவன் கையில் டப்பா ஏற்கெனவே திறந்திருந்தது.

மறுநாள் தொடங்கியது மஞ்சள். கழிப்பறைப் பீங்கானில் பளபளவென்று, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பயந்துபோய் அவன் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, அப்பாவிடம். அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சாயம் ஏற்றிய நூலை அலசும்போது உபரிச் சாயம் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். தெளிவதற்கு முன்பே நிறுத்தினால் புடவை முதல் மழையிலேயே அழுதுவிடும். இது ஆரணியில் சாயம் போடுகிற எவருக்கும் தெரிந்த பாடம்.

"இத்தினி நாளா அந்த செவப்பு பாட்டில குடிச்சி ஒடம்பு பூரா சாயம் ஏத்தி வச்சிகினு கீற. இப்ப சுத்தமானது உள்ள போயி அலசுது. கழிவு எறங்குது. தெளியற வரைக்கும் வுடாத."

நான் சிரித்துவிட்டேன். அது சிரிக்கிற விஷயமாகத்தான் முதலில் இருந்தது. அது பி2 வைட்டமின், டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, உடம்பு தனக்கு வேண்டியது போக மிச்சத்தை அப்படியே வெளியே தள்ளும், அதன் நிறமே மஞ்சள், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் டப்பாவைக் குடிக்கக் குடிக்க மஞ்சள் வந்துகொண்டேதான் இருக்கும், ஒருநாளும் தெளியாது என்றேன். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்ததையும் உரக்கப் படித்தேன்.

"டாக்டரம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க," என்றான் அண்ணன். "நான் செலக்ட் ஆவறது உனக்கு புடிக்கல. அதான."

"மூத்தரத்துக்கெல்லாம் பாடம் நடத்தறாங்களா உன் காலேஜுல?" என்றார் அப்பா. "பீஸு எவ்ளோ வாங்கினானுங்க?"

பட்டறைக்காரர் விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நூலுக்கு சாயம் சரியா புடிக்கலன்னா வேற நூல் குடுப்பாங்க, வேற புள்ள யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை, என்னையும் கேட்டதில்லை.

டப்பாக்கள் கூடிக்கொண்டே போயின. அண்ணன் உண்மையிலேயே வேகமாக ஓடினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். விடியும்போதே சேவூர் ரோட்டில் டவுன் பஸ்ஸோடு போட்டி போட்டான். ஆனால் தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் விளிம்பில் நீர் நடுங்கியது. ஒருநாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிறவனின் நாடி ஓடுகிறவனுடையதுபோல் துடித்தது. கையை உதறிக்கொண்டான். "சூடு ஏறுது. என்ஜின் ரெடியா கீது, அவ்ளோதான்."

ஓட்டத்துக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த கேட்டில் போக வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். மைதானத்துக்குள் ஓடுகிறவர்களை மட்டும்தான் விட்டார்கள். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். அண்ணனின் குழுவை வெயில் ஏறும்வரை உட்காரவைத்திருந்தார்கள். அவன் எழுந்து எழுந்து மூலையிலிருந்த மறைப்புக்குப் போய்வந்தான். ஒவ்வொரு முறையும் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி, தெளிந்ததா என்று கேட்டார். அவன் உதட்டைப் பிதுக்கி இல்லை என்றான்.

அப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "நைனா, வேணாம். அவன் காலைல இருந்து சாப்பிடவே இல்ல. நெஞ்சு தாங்காது."

"கைய வுடு. கடைசி அலசல்தான் முக்கியம்."

டப்பா வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அண்ணன் பொறுக்கிக்கொண்டான். நசுங்கிய டப்பாவைத் திறக்கும்போது அவன் சட்டையெல்லாம் நுரை தெறித்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

விசில் ஊதியதும் எல்லோரையும் விட்டுவிட்டு அவன் மட்டும் பாய்ந்தான். முதல் சுற்றில் அவன்தான் முன்னால். அப்பா என் தோளைக் குத்தினார். "பாரு! இப்ப சொல்லு உன் நாற்காலி கதைய!" இரண்டாம் சுற்றின் பாதியில் அண்ணனின் ஒரு கை மார்புக்குப் போனது. வேகம் குறையவில்லை, கால் மட்டும் வேறு யாருடையதோபோல் வளைந்தது. உட்கார்ந்தான். மஞ்சளாக வாந்தி எடுத்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனார்கள். எழுந்து இன்னும் நாலடி வைத்தான். மறுபடியும் விழுந்தான்.

தூக்கிக்கொண்டு போனவர்கள் அவன் மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது மட்டும்தான் அவசரமாக நடந்தது.

மருத்துவக் கூடாரத்துக்குள் எங்களை விட்டார்கள். நாடி பார்த்த டாக்டர் என்ன குடித்தான் என்று கேட்டார். அப்பா பெருமையோடு டப்பாவை நீட்டினார்.

"சுத்தமானது சார். துளி சாயம் கெடையாது. நானே பட்டு நூல் போட்டு அலசிப் பாத்தேன்."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். எத்தனை குடித்தான் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட வேண்டியது பட்டு இல்லீங்க. உங்க பையன்." நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, இதைத் தொடவே கூடாது, தண்ணீர் குடித்துத் தூங்கட்டும் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் ஆரணி வந்து இறங்கியதும் அப்பா சொன்னார். "டப்பாவ நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். முழுசா தெளியறதுக்குள்ள கூட்டினு பூட்டேன்."

அண்ணன் அதற்குத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ண்ணா, அவர் சொல்றது தப்பு. இன்னிக்கி இருந்து டப்பாவ தொடாத. வெறும் தண்ணி குடி. ரெண்டு நாள்ல தானா தெளிஞ்சிடும். உன் கண்ணாலயே பாரு. சாயமும் இல்ல, கழிவும் இல்ல. நீ குடிச்சதுதான் வந்துகினு இருந்துச்சு."

"இப்ப அது தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது?"

"உம்மேல தப்பு இல்லன்னு தெரியும்."

அவன் படுத்துக்கொண்டான். ஆனால் டப்பாவைத் தொடவில்லை.

சொன்னபடியே ஆனது. அடுத்த நாள் வெளிறியது, அதற்கடுத்த நாள் காலையில் தெளிந்துவிட்டது. கொல்லையிலிருந்து வந்தவன் என்னைக் கடந்து நேராகப் பட்டறைக்குள் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் முகத்தைப் பார்த்தபோது, இன்றைக்கு அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அப்பா கொதிக்கும் பானையில் அரக்கு நூல் கழிகளைக் கொம்பால் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தெளிஞ்சிச்சி நைனா," என்றான் அண்ணன். "நான் டப்பாவ நிறுத்தினேன். நிறுத்தின ரெண்டே நாள்ல தெளிஞ்சிச்சி."

அப்பாவின் முகம் பூவாக விரிந்தது. கொம்பை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார்.

"பாத்தியா! நான் தலபாடா அடிச்சிகினேன்ல, தெளியும்னு! சாயம் பூரா எறங்கிடுச்சிடா. இன்னும் நாலே நாள் இருந்திருந்தா நீதான்டா மொதல்ல வந்திருப்ப!" பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், கேட்டியா? தெளிஞ்சிடுச்சாம்!"

"அப்ப அடுத்த வருசம் அடிச்சிடுவாரு போலீஸ்கார்," என்றார் அவர்.

"அடுத்த வருசம் ஏதுய்யா அவனுக்கு?" அப்பாவுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "வயசு முடிஞ்சிப் போச்சி. டேய், சும்மா நின்னுகினு இருக்காத. நூல் கருகுது. அந்தக் கொம்ப புடி, ஜல்தி."

அண்ணன் கொம்பைப் பார்த்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பானைக்கு முன்னால் போய் நின்றான். ஆவி அவன் முகத்தில் அடித்தது. அப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இப்ப சந்தோசமா உனக்கு?"

அவன் கழிகளைத் திருப்ப ஆரம்பித்தான். எனக்கு வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.