கடல்கட்டு மந்திரத்தின் பன்னிரண்டாம் விதி

கிருபாநிதிக்கு விதிகள் என்றால் உயிர். பதினெட்டு வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவர். எந்தச் சரக்கு எந்த விதியின் ஓட்டை வழியாக நழுவும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் கையால் எழுதிய ஒரே ஒரு விதியின் ஓட்டையை அடைக்க வழி தெரியாமல் நான்கு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

விதி விளையாட்டுக்கானது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆராதனை முடிந்து, மற்ற இருவருக்கும் மாதாகோயில் பூசை முடிந்து, சாப்பிட்ட கையோடு அவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். அவர் கதை சொல்வார். அந்தக் கதையில் சுஜிதா வாள்காரி, ரோச் மந்திரவாதி. வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள டைஸ் சொல்லும். கதை நடப்பது முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டில், முத்துப்பாரில். அங்கே புதைந்த முதுமக்கள் தாழிகளைத் திறந்துகொண்டு பேய்கள் எழும், சுறாக்கள் சுற்றும். வெளிநாட்டுப் புத்தகத்து மந்திரங்கள் கிருபாநிதிக்குச் சரிப்படவில்லை. கடலுக்கடியில் தீப்பந்து எறிந்தால் எவன் பயப்படுவான்? ஆகவே 'கடல்கட்டு' என்று சொந்தமாக ஒரு மந்திரம் செய்தார். மந்திரவாதி மூச்சை அடக்கியிருக்கும் வரை சுறாவுக்கு வாய் திறக்காது, பேய்க்குக் கை அசையாது. ஆடுகிறவரின் நிஜ மூச்சு, நிஜக் கடிகாரம். எழுதுமுன் தானே மூச்சடக்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு விநாடி. அருமையான அளவு என்று மெச்சிக்கொண்டார்.

கடலில்லாத நாசரேத்தில் பிறந்த கிருபாநிதி தன் மூச்சை வைத்துக் கடலை அளந்துவிட்டார். ரோச் ஐஸ் பிளான்ட்டுக்கு வேலைக்கு வருமுன் பதினான்கு வருடம் சங்கு குளித்தவன், அதுவும் ட்யூப் இல்லாமல், வெறும் மூச்சில். காதுச்சவ்வு கிழிந்து டாக்டர் இனி கடலில் இறங்காதே என்று சொன்ன பிறகு அந்த மூச்சுக்கு வேலையே இல்லாமல் கிடந்தது. கிருபாநிதி அதற்கு வேலை கொடுத்தார். முதல் நாள் ரோச் மூச்சை இழுத்து இடித்த புளி மாதிரி உட்கார்ந்தான். மூன்று நிமிடம் பத்து விநாடி! பேயெல்லாம் சிலையாக நின்றன. சுஜிதா பயிர் அறுப்பதுபோல அறுத்துத் தள்ளிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

அடுத்த வாரம், மாடிப்படி இரண்டுமுறை ஏறி இறங்கிவிட்டுத்தான் மந்திரம் போடலாம் என்று விதி வந்தது. ரோச் விசில் அடித்தபடி ஏறி இறங்கினான். அதற்கடுத்து, நுரையீரலைக் காலிசெய்துவிட்டு அடக்கவேண்டும் என்று விதி. அப்போதும் இரண்டு நிமிடம். விதிகள் பதினொன்றாகிவிட்டன. நோட்டின் ஓரமெல்லாம் அடித்தலும் திருத்தலுமாக இருந்தது. "ஆபீஸ் பைலயா இப்படி வச்சிருக்கிய?" என்று மனைவி ஜெயஷீலா கேட்டதற்கு அவர் எரிந்து விழுந்தார்.

நான்காம் ஞாயிறு பொறுமை போய்விட்டது. "நாப்பது விநாடிதாம்ல. அதுக்கு மேல மூச்சு இருந்தாலும் கணக்கில்ல" என்றார்.

"அப்ப நான் எதுக்கு அண்ணாச்சி? ஒரு அலாரத்த வச்சி வெளயாடுங்க" என்று ரோச் எழுந்தான்.

"அத்தான் மூச்சு இப்படியே கெடந்தா நானும் வரல. மரத்த வெட்டவா நான் வாளு எடுத்தேன்?" என்று சுஜிதா டைஸைப் பையில் போட்டாள். அவள் ரோச்சின் கொழுந்தியாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாற்பது விநாடியை வைத்தால் ரோச் போவான், எடுத்தால் சுஜிதா போவாள். ஆறு நாள் காகிதத்தில் கழிகிறவருக்கு ஏழாம் நாளும் போய்விடும். கிருபாநிதிக்கு அழுகை வரும்போலிருந்தது, கத்தத்தான் வந்தது.

"ஏலே, நெசக் கடல்ல ஒன்ன எவம்ல நிறுத்துனான்?"

"மேல தோணியில கயிறு பிடிக்கவன்தான். மூச்சு கெடந்தாலும் சரி, அவன் இழுத்தா ஏறிரணும்."

"யாரு பிடிப்பா?"

"ஜெர்சன் மச்சான்தான், வேற யாரு? பொண்டாட்டி கூடப்பிறந்தவங்கிட்டதான் கயிறக் குடுப்போம். கூடப்பிறந்தவள தாலியறுக்க விடுவானா?"

கிருபாநிதி சுஜிதாவைப் பார்த்தார். ஜெர்சனின் தங்கை. அவர் மொட்டைமாடிக்குப் போய், துணியோடு கொடிக்கயிற்றை அவிழ்த்துவந்தார். ஒரு முனையை ரோச்சின் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைச் சுஜிதாவிடம் கொடுத்தார்.

"பன்னெண்டாவது விதி. ரோச், கண்ண மூடு. இவ இழுத்தா மந்திரம் முடிஞ்சுது. சுஜி, இழுக்காதவரைக்கும் நீ வெட்டலாம்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெட்ட வெட்ட லாபம் என்றால் எவள் இழுப்பாள்? இதிலும் ஓட்டை.

ஏழு பேய்கள் எழுந்தன. ரோச் மூச்சை அடக்கினான். சுஜிதா ஒன்றை வெட்டினாள், இரண்டாவதையும் வெட்டினாள். டைஸைக் கையில் எடுத்தவள் அத்தானின் முகத்தைப் பார்த்தாள். மூடிய கண்ணும் அசையாத நெஞ்சுமாக அவன் இருந்தான். அவள் டைஸை உருட்டவில்லை, கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

"ஏளா! இன்னும் ரெண்டு நிமிசம் மூச்சு கெடக்கு!" என்று ரோச் கத்தினான்.

"கெடந்தா கெடக்கட்டும். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து பேயும் கைகால் அசைந்து பாய்ந்தன. அரைமணி நேரம் அந்த மாடியில் டைஸ் ஓயவில்லை. ரோச் இரண்டுமுறை சாகப்பார்த்தான், இரண்டுமுறையும் சுஜிதாவின் வாள்தான் காப்பாற்றியது.

ஆட்டம் முடிந்தபிறகுதான் கிருபாநிதி கடிகாரக் குறிப்பைப் பார்த்தார். நாற்பத்தோரு விநாடி. அவர் பதினொரு விதி போட்டும் வராத அளவு. நோட்டில் அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்தார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக்கூடாதால?"

"கயிறு யாரு பிடிக்கான்னு நீங்க கேக்கவேயில்லியே, அண்ணாச்சி."

சுஜிதா கயிற்றைச் சுருட்டி, டைஸ் இருந்த பையிலேயே வைத்தாள்.

"வேற ஒருத்தர்ட்டயும் இதக் குடுத்திராதிய" என்றாள்.