அத்தையின் கழுத்தில் இருந்தவள்

எங்கள் அத்தையின் கழுத்தில் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் தாத்தா காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவில், எங்கள் ஊரான வுனிமோனோவில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. எனக்கும் இல்லை. எப்படி இருக்கும்? அவள் அங்கே எழுந்து உட்காருவதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேனே!

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கரும்புக் காட்டின் இந்தக் கோடியில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் அந்தக் கோடியில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படியொரு கணீர்க் குரல். நான் தமிழர் சங்கம் நடத்திய பள்ளியில் சேர்ந்த சமயம், அவளுடைய தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஒரு வீக்கம் கண்டது. முதலில் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் பரவியது. அத்தை தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அதுவும் தோலுக்கடியில் மேலே எழும்பி, தன் பங்கைக் குடித்துவிட்டு, மெல்லக் கீழே இறங்கும். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

வீக்கத்தோடு மற்றவையும் வந்தன. அத்தையின் கண்கள் பிதுங்கி வெளியே வந்தன. மத்தியானம் பாயில் படுத்துத் தூங்கும்போதுகூட இமைகள் சரியாக மூடாது; வெள்ளை முழி எங்களைப் பார்த்தபடி இருக்கும். எங்கள் தீவில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அவள் வேர்த்து ஒழுகி, முந்தானையால் விசிறிக்கொள்வாள். அடேயப்பா, என்ன சாப்பாடு சாப்பிட்டாள்! ஆனாலும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள்.

இதற்கெல்லாம் முன்பே அப்பா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பக்கத்துத் தீவில், சவுசவுவில் கொப்பரை வியாபாரம் செய்பவர். முதல் மனைவி இறந்துவிட்டாள். மூத்த மகனுக்கு மீசை முளைத்திருந்தது. அத்தை மாட்டேன் என்றாள். பால் கறக்கும்போது சொன்னாள், அடுப்பு ஊதும்போது சொன்னாள், அப்பா சாப்பிடும்போது எதிரில் நின்றும் சொன்னாள். அப்பாவுக்குப் பெண்கள் பேச்சு காதில் ஏறாது. “பொம்பள சொல்லியா கண்ணாலம் நிக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

நாள் குறிப்பதற்காக அந்த மனிதரே ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். ஆண்கள் எல்லோரும் கூடத்தில் நங்கோனாச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அந்த மயக்கும் வேர்க்கரைசலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்தாள். தட்டு கடகடவென்று ஆடியது. அவள் கை நடுக்கம் தோளுக்கு ஏறி, உடம்பு முழுக்கப் பரவியது. தட்டு கீழே விழுந்தது. குரல் அத்தையின் குரல்தான். பேச்சு அவளுடையது இல்லை.

“ஏண்டா, என் கொழந்தைய எவனுக்குடா குடுக்கப் பாக்குற? அவ எனக்கு வோணும்டா!”

யாரும் வாடா போடா என்று பேசத் துணியாத அப்பா, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கொப்பரைக்காரர் அடுத்த கப்பலிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம்தான். காணாமல் போன மாட்டைக் கேட்டு வந்தார்கள், பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள். கரும்பு நடுவதற்கு முன் அப்பாவே கைகட்டி நின்று உத்தரவு கேட்டார். அத்தை நடித்தாளா என்று இப்போது என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கண்களைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தோம். அத்தை என் தலையை இழுத்துத் தன் கழுத்தோடு வைத்துக்கொண்டாள். உள்ளே ‘ஸ்ஸும்... ஸ்ஸும்...’ என்று ஒரு இரைச்சல். மரத்துக்குள் வண்டு குடைகிற மாதிரி, ஓயாமல். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“யாரு அத்தே அது?”

“எனக்கும் தெரியல பாப்பா. ஆனா அவ இருக்கற வரைக்கும் ஒங்கப்பன் என்னை ஒண்ணும் பண்ண முடியாது.”

தீமிதி வந்தது. ஆற்றில் குளித்து, கரகம் எடுத்துக்கொண்டு கரையேறிய அத்தை நாலடி நடப்பதற்குள் சாய்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் மஞ்சள் புடவையே துடித்தது. பூசாரி வேப்பிலையால் விசிறினார். பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “சாமி அப்புறமா வரட்டும்ணே, மொதல்ல புள்ளய லாரில ஏத்துங்க” என்றார். அத்தை என் கையை விடவில்லை. அதனால் நானும் சுவா பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் இந்தியாவிலிருந்து வந்தவர். இந்தியில்தான் பேசினார். எங்களுக்கெல்லாம் அது தமிழைவிட நன்றாகவே புரியும். அப்பாவுக்கு விளங்க வைப்பதற்காக அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயை நிமிர்த்தி, ஊதாப் பென்சிலை எச்சில் தொட்டு என் கழுத்திலேயே படம் போட்டார். இது மூச்சுக்குழல். அதை அணைத்தபடி இரண்டு பக்கமும் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. அது குழலோடு ஒட்டியிருப்பதால்தான் விழுங்கும்போது சேர்ந்து எழும்புகிறது. ஓரத்தில் துடிப்பது தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். சுரப்பிக்குப் பின்னால் அரிசி மணி போலச் சில சின்னச் சுரப்பிகள், அவற்றைத் தொடக்கூடாது. பென்சில் முனை ஜில்லென்று என் தொண்டையில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியாகக் குழலை ஒட்டி மேலே ஏறும் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தார். “இந்த நரம்புதான் குரல். கத்தி பட்டால் போய்விடும். வீக்கம் பெரிதாக இருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன். அறுக்காவிட்டால் இதயம் தாங்காது” என்றார்.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். “கொரல் போனா போவட்டும் சாப், உசுரு இருந்தா போதும்” என்று பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொன்னார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் கட்டிலில் கிடந்து, மூடாத கண்களால் என் கழுத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். எச்சில் விழுங்கினேன். ஊதாப் பட்டாம்பூச்சி எழும்பி இறங்கியது. ஐயோ! டாக்டர் சிரித்துக்கொண்டே, இது எல்லோருக்கும் இருக்கிறது, உனக்கும் எனக்கும் உன் அப்பாவுக்கும் இருக்கிறது என்றார். அன்று முழுவதும் யார் விழுங்கினாலும் அவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்குள்ளும் ஒருத்தி பேசாமல் காத்திருக்கிறாள் என்று தோன்றி, லாரியில் வீடு திரும்பும் வழியெல்லாம் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

ஆபரேஷன் முடிந்து அத்தை பிழைத்துக்கொண்டாள். நடுக்கம் நின்றது, உடம்பில் சதை பிடித்தது, கண்கள் மெல்ல உள்ளே போயின. குரல் மட்டும் திரும்பவில்லை. பேசினால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால்தான் சொல் தெரியும். பூசாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்து, வெகுநேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அம்மா மலையேறிட்டா” என்று எழுந்துவிட்டார். அப்பா மறுநாளே சவுசவுவுக்கு ஆள் அனுப்பினார்.

தாலி கட்டுவதற்கு முன் சர்க்காரில் பதிய வேண்டும் என்று எல்லோரும் நவுசோரி டவுன் கச்சேரிக்குப் போனோம். அதிகாரி இந்தியில் கேட்டார். மாப்பிள்ளை சம்மதம் என்றார். அடுத்து அத்தையைக் கேட்டார். அவள் உதடு அசைந்தது. அதிகாரி காதில் கையை வைத்து, உரக்கச் சொல்லச் சொன்னார். அவள் மறுபடியும் சொன்னாள். மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னதில் கழுத்துத் தழும்பு சிவந்துபோயிற்று. அப்பா சிரித்தபடி, ஆபரேஷனில் குரல் போய்விட்டது சார், சம்மதம் என்றுதான் சொல்கிறாள் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அத்தையின் இடுப்பில் சாய்ந்து நின்றது நான்தான். எனக்கு மட்டும் கேட்டது. இரண்டு தடவையும் அவள் “மாட்டேன்” என்றுதான் சொன்னாள். கல்யாணப் பெண்கள் இப்படித்தான் வெட்கப்பட்டு எதையாவது சொல்வார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே, எங்கள் அத்தைக்கு நன்றாகக் குணமாகிவிட்டது, இனி ஒன்றும் பயமில்லை என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.